ஏமாறாமல் ஒரு பழைய ஃபிலிம் கேமரா வாங்க

ஃபிலிம் கேமரா வாங்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த மாடல் நல்லது?" என்றுதான். முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த பொருளிடம் இந்தக் கேள்வி பாதிதான் செல்லும். பெயர்போன கேமரா பூஞ்சை பிடித்து வந்து சேரும். யாரும் சீந்தாத பிளாஸ்டிக் கேமரா பல ரோல்களுக்குப் பழுதின்றி உழைக்கும். உங்கள் கைக்கு வரப்போகும் அந்த ஒரு கேமரா இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தால் போதும், மாடல் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அதனால் இங்கே மாடல்களைவிடச் சோதனைகளுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

பணத்தை இரண்டாகப் பிரியுங்கள்

ஒரு கலர் ரோலின் விலை, லேபில் கழுவும் கூலி, ஸ்கேன் செய்யும் கட்டணம் ஆகிய மூன்றையும் கூட்டினால் இன்று ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடுகிறது. ஆயிரம் என்றே வைத்துக்கொண்டாலும், 36 படங்கள் உள்ள ரோலில் ஒரு படத்துக்கு ஏறக்குறைய 28 ரூபாய். மாதம் ஒரு ரோல் எடுத்தால் ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம். கேமரா ஒரு முறை செலவு. ரோல் ஓயாத செலவு. கையில் இருக்கும் தொகையில் பாதிக்கு மேல் கேமராவுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மீதிப் பாதி நான்கைந்து ரோல்களுக்கும் பேட்டரிக்கும், தேவைப்பட்டால் ஒரு சர்வீஸுக்கும் இருக்கட்டும். அழகான கேமராவை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, ரோல் வாங்கக் காசில்லாமல் இருப்பவர்கள் நிறையப் பேர்.

ஒரு காலத்தில் உதகையிலேயே நமக்கு ஃபிலிம் ஆலை இருந்தது. 1960இல் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனமான ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் விற்றது. அந்த ஆலை மூடப்பட்டுவிட்டது. இப்போது கடைகளில் கிடைக்கும் கோடாக், இல்ஃபோர்ட், ஃபோமாபான் எல்லாம் கடல் கடந்து வருபவை. விலை குறையும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

எந்த ஃபிலிமுக்கான கேமரா?

35 மி.மீ. ஃபிலிம் போடும் கேமரா மட்டும் வாங்குங்கள். முதல் கேமராவுக்கு இதில் விதிவிலக்கு இல்லை. சிறிய டப்பாவில் வரும், 24 அல்லது 36 படம் எடுக்கும் அந்த ரோல்தான் எல்லா இடத்திலும் கிடைக்கும், எல்லா லேபிலும் கழுவுவார்கள்.

வீட்டுப் பரணில் வேறு சில கிடைக்கலாம். வதோதராவில் தயாரான ஆக்ஃபா கிளிக் 3 இருந்தால் அதற்கான 120 ஃபிலிம் இன்றும் வருகிறது, ஆனால் ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம். கைபழகாதவருக்கு அது விலை கூடிய பாடம். 110 ஃபிலிம் போடும் ஹாட் ஷாட் வகையறாவுக்கு ரோல் கிடைப்பது அரிது. ஏபிஎஸ் என்று எழுதிய கேமராக்களைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். பார்க்கப் புதிதுபோல இருக்கும், விலையும் மிகக் குறைவாகச் சொல்வார்கள். அதற்கான ஃபிலிம் உற்பத்தி 2011இலேயே நின்றுபோனது.

எந்த வகை?

லென்ஸ் வழியாகவே பார்த்துப் படம் எடுக்கும் எஸ்எல்ஆர் கேமராவைத்தான் பரிந்துரைக்கிறேன். ஃபோகஸ் சரியா என்பதைக் கண்ணாலேயே காணலாம். லென்ஸைக் கழற்றி உள்ளே சோதிக்கலாம். பழுதானால் லென்ஸையோ உடலையோ தனியாக மாற்றலாம்.

இவற்றில் பேட்டரி இல்லாமலே ஷட்டர் (ஃபிலிமில் வெளிச்சம் படும் நேரத்துக்கு மட்டும் திறந்து மூடும் திரை) இயங்கும் முழு இயந்திரக் கேமராக்கள் முதலில் வருகின்றன. பென்டாக்ஸ் கே1000 (1976 முதல் 1997 வரை தயாரானது), நிக்கான் எஃப்எம்10, யாஷிகா எஃப்எக்ஸ்-3 ஆகிய மூன்றும் நம் ஊர்களில் ஸ்டுடியோக்காரர்களிடமும் விஷுவல் கம்யூனிகேஷன் மாணவர்களிடமும் புழங்கியவை. பேட்டரி, உள்ளிருந்து வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டருக்கு மட்டும்தான். மீட்டர் செத்தாலும் கேமரா சாகாது. இதனால்தான் இவை விலை இறங்காமல் நிற்கின்றன. கே1000இல் மீட்டரை அணைக்கத் தனி சுவிட்ச் கிடையாது. லென்ஸ் மூடியைப் போட்டு வைக்காவிட்டால் பேட்டரி தீர்ந்துபோகும். எஃப்எம்10, எஃப்எக்ஸ்-3 இரண்டையும் உண்மையில் செய்தது கொசினா என்ற ஜப்பானிய நிறுவனம். எஃப்எம்10இன் பிளாஸ்டிக் உடலைப் பார்த்துச் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், அதில் நிக்கான் லென்ஸ்கள் பொருந்தும் என்பதே நமக்கு முக்கியம். எஃப்எக்ஸ்-3இன் மேல் ஒட்டிய தோல் உரிந்திருக்கும். அது அழகுக் குறை மட்டுமே.

சோவியத் காலத்தில் இந்தியாவுக்கு வந்த ஜெனித் கேமராக்களும் இந்த வரிசையில்தான். ஜெனித்-இயில் ஷட்டர் வேகம் நொடியில் முப்பதில் ஒரு பங்கிலிருந்து ஐந்நூறில் ஒரு பங்கு வரை மட்டுமே. கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் மங்கல், எடை அதிகம். ஆனால் கூடவே வரும் ஹீலியோஸ் 58 மி.மீ. லென்ஸ் நல்ல லென்ஸ். மிக மலிவாகக் கிடைத்தால், மீட்டரை நம்பாமல் எடுக்கத் துணிந்தால், வாங்கலாம்.

அடுத்தது எலக்ட்ரானிக் ஷட்டர் உள்ள கேமராக்கள்: 1976இல் வந்த கேனான் ஏஇ-1, 1981இல் வந்த மினோல்டா எக்ஸ்-700, ஒலிம்பஸ் ஓஎம்-10 போன்றவை. நல்ல கேமராக்கள், நல்ல லென்ஸ்கள். பேட்டரி இல்லாமல் எதுவும் நடக்காது. ஏஇ-1இல் ஷட்டரை அழுத்தும்போது இருமல் போன்ற கீச்சொலி வந்தால், லென்ஸுக்குப் பின்னால் காட்சியைப் பிரதிபலிக்கும் கண்ணாடியை இயக்கும் பகுதியில் எண்ணெய் காய்ந்துவிட்டது என்று பொருள், சர்வீஸில் சரியாகும். எக்ஸ்-700இல் மின்தேக்கி ஒன்று பழுதாகி, புதுப் பேட்டரி போட்டாலும் ஷட்டர் அடிக்காமல் நின்றுவிடுவது பலரும் அறிந்த நோய். ஓஎம்-10இல் ஷட்டர் வேகத்தை நாமே வைக்க ஒரு சிறு துணைக்கருவி தனியாக வேண்டும். அது இல்லாமல் விற்கிறார்களா என்று பாருங்கள். ஏஇ-1 இப்போது பெயருக்காகவே விலை ஏறிக் கிடக்கிறது. அந்தப் பணத்துக்கு அதைவிட நல்ல நிலையில் உள்ள வேறொன்று கிடைக்கும்.

மூன்றாவது வகையை யாரும் பெருமையாகப் படம் எடுத்துப் போடுவதில்லை. 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் வந்த ஆட்டோஃபோகஸ் பிளாஸ்டிக் எஸ்எல்ஆர்கள் அவை: கேனான் இஓஎஸ் 300, 500என், நிக்கான் எஃப்65, எஃப்75, எஃப்80. கொடுக்கும் காசுக்கு அதிகம் உழைப்பவை இவைதாம். மீட்டர் துல்லியமாக இருக்கும், ஃபிலிமைத் தானே சுற்றிக்கொள்ளும், ஃபிலிமின் வேகத்தையும் (டப்பாவில் உள்ள 200, 400 போன்ற எண்) தானே படித்துக்கொள்ளும். வேண்டுமென்றால் ஷட்டர் வேகத்தையும் அபெர்ச்சரையும் (லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையின் அளவு) நாமே வைக்கவும் முடியும். வீட்டில் ஏற்கெனவே கேனான் டிஜிட்டல் எஸ்எல்ஆர் இருந்து, அதற்கு 50 மி.மீ. இஎஃப் லென்ஸும் இருந்தால், உடல் மட்டும் வாங்கினால் போதும். இஎஃப்-எஸ் என்று எழுதிய லென்ஸ்கள் ஃபிலிம் உடலில் பொருந்தாது. நிக்கானில் டிஎக்ஸ் லென்ஸ் பொருந்தும், ஆனால் படத்தின் மூலைகள் கறுத்துப்போகும். குறை என்ன என்றால், எலக்ட்ரானிக்ஸ் போய்விட்டால் பழுதுபார்க்க ஆள் இல்லை. கேமராவைத் தூக்கி எறிய வேண்டியதுதான். சிஆர்2 அல்லது சிஆர்123 பேட்டரிக்கும் கொஞ்சம் செலவாகும்.

ஃபோகஸ், அபெர்ச்சர், ஷட்டர் மூன்றையும் கையால் கற்க வேண்டும் என்பவருக்கு முதல் வகை. ஃபிலிமின் நிறத்தைக் குறைந்த செலவில் அனுபவிக்க வேண்டும் என்பவருக்கு மூன்றாவது. இரண்டாவது வகையை, விற்பவர் உங்கள் கண்முன் இயக்கிக் காட்டினால் மட்டும் வாங்குங்கள்.

பாக்கெட்டில் அடங்கும் சிறிய கேமராக்களைப் பற்றி ஒரு வார்த்தை. இணையத்தில் புகழ் பெற்ற ஒலிம்பஸ் மியூ 2, கான்டாக்ஸ் டி2 போன்றவற்றின் விலை நியாயத்துக்குள் இல்லை. பழுதானால் சீர்செய்வதும் கடினம். ஆனால் அம்மாவின் பீரோவில் ஒரு யாஷிகா எம்எஃப்-2 அல்லது கோடாக் கேபி10 கிடந்தால் ஒரு ரோல் போட்டுப் பாருங்கள். ஃபோகஸ் செய்யும் வேலையே இல்லாத கேமராக்கள் அவை, நல்ல வெயிலில் பழுதில்லாத படம் தரும். அவற்றை விலை கொடுத்துத் தேடி வாங்க வேண்டாம்.

எங்கே தேடுவது?

முதலில் வீட்டில், பிறகு உறவினர் வீட்டில். அடுத்து, சிற்றூர்ப் பழைய ஸ்டுடியோக்கள். தொண்ணூறுகளில் கல்யாண ஆல்பம் போட்ட ஸ்டுடியோ எதுவானாலும் உள்ளே நுழைந்து, "அண்ணா, ஃபிலிம் காலத்துக் கேமரா ஏதாவது அலமாரியில் இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்று இருக்கும். அவர் கேமராவை எடுத்து வைத்துக்கொண்டு பழைய கதை சொல்லத் தொடங்கினால் அவசரப்படாமல் கேளுங்கள். அந்தக் கதையில்தான் அது கடைசியாக எப்போது ஓடியது, எங்கே சர்வீஸ் ஆனது என்ற விவரம் எல்லாம் வெளிவரும்.

ஸ்டுடியோக் கேமராவின் விளிம்புகளில் கறுப்புச் சாயம் தேய்ந்து பித்தளை தெரியும். அதைப் பார்த்து விலகிவிடாதீர்கள். தொடர்ந்து இயங்கிய கேமராவில் எண்ணெய் உறைந்திருக்காது, ஷட்டர் சோம்பியிருக்காது. இருபது ஆண்டுகள் தோலுறைக்குள் தூங்கிய பளபளப்பான கேமராவைக் கண்டால்தான் எனக்குச் சந்தேகம் வரும். தோலுறை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நம் கடலோர ஊர்களில் அதற்குள் பூஞ்சை வளர்வது நிச்சயம் என்றே சொல்லலாம். மலையூர்களிலும் இதே கதைதான்.

வெளிநாட்டு விற்பனைத் தளங்களில் விலை மலிவாகத் தெரியும். தபால் செலவையும் சுங்க வரியையும் கூட்டிய பிறகு கணக்குப் பாருங்கள். திருப்பி அனுப்புவது நடைமுறையில் முடியாத காரியம்.

கையில் எடுத்துச் சோதிப்பது

போகும்போது எடுத்துச் செல்ல வேண்டியவை: எல்ஆர்44 பட்டன் செல் இரண்டு (ஏஇ-1 என்றால் 6 வோல்ட் 4எல்ஆர்44 ஒன்று), பேட்டரி மூடியைத் திறக்க ஒரு நாணயம், ஸ்டுடியோவில் கேட்டால் கிடைக்கும் காலாவதியான ரோல் ஒன்று, டார்ச்சும் ஸ்லோமோஷனும் உள்ள கைபேசி. நல்ல பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மாலை ஏழு மணிக்குத் தெருவிளக்கின் கீழ் கேமரா வாங்கக் கூடாது.

கேமராவைக் கையில் வாங்கியதும் பின்கதவைத் திறந்துவிடாதீர்கள். உள்ளே யாரோ பாதி எடுத்த ரோல் இருக்கலாம். ஃபிலிமைத் திரும்பச் சுற்றும் ரீவைண்ட் கைப்பிடியை மெதுவாக அம்பு காட்டும் திசையில் சுற்றிப் பாருங்கள். இழுத்துப் பிடித்தால் உள்ளே ஃபிலிம் இருக்கிறது.

இல்லையென்றால் கதவைத் திறந்து முகர்ந்து பாருங்கள். நனைந்து காய்ந்த பழைய துணியின் நெடி அடித்தால் பூஞ்சையை எதிர்பார்க்கலாம். கதவின் ஓரப் பள்ளங்களில் கறுப்பு நுரைப் பட்டைகள் இருக்கும். வெளிச்சம் உள்ளே புகாமல் தடுப்பவை அவை. பழைய கேமராக்களில் அது தார்போல இளகியிருக்கும் அல்லது பொடியாக உதிரும். இதற்காக வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை; நுரைப் பட்டை மலிவு, நீங்களே மாற்றலாம். விலை பேச மட்டும் இதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். லென்ஸைக் கழற்றினால் கண்ணாடிக்கு மேலேயும் ஒரு நுரைத் துண்டு தெரியும், அதையும் பாருங்கள். விரலால் தொடாதீர்கள். ஒட்டும் துகள் ஷட்டர் திரையில் விழுந்தால் தொல்லை.

பிறகு பேட்டரி அறை. வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால் பழைய செல் கசிந்திருக்கிறது. மேலோட்டமாக இருந்தால், பஞ்சில் துளி வினிகர் தொட்டுத் துடைத்தால் போகும். கம்பி வரை அரித்திருந்தால் மீட்டர் உயிர்பெறாது. முழு இயந்திரக் கேமரா என்றால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். எலக்ட்ரானிக் கேமரா என்றால் அத்துடன் பேச்சை முடித்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.

அடுத்து ஷட்டர். இதற்கு நேரம் செலவிடுங்கள். பின்கதவு திறந்தபடியே, லென்ஸின் அபெர்ச்சரை முழுதாகத் திறந்து வைத்து, ஃபிலிமை நகர்த்தும் லீவரை இழுத்து, ஒரு நொடி வேகத்தில் அடியுங்கள். காதுக்கே ஒரு நொடி கேட்க வேண்டும். பிறகு அரை, கால், எட்டில் ஒன்று என்று படிப்படியாக மேலே போங்கள். ஒவ்வொரு படியிலும் சத்தம் நீடிக்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். இரண்டு வேகங்கள் ஒன்றுபோலக் கேட்டால் ஏதோ சரியில்லை. துல்லியமாகப் பார்க்க, கைபேசியில் நொடிக்கு 240 சட்டகங்கள் பதியும் ஸ்லோமோஷனில் ஷட்டரைப் படம்பிடித்து, எத்தனை சட்டகங்களில் அது திறந்திருக்கிறது என்று எண்ணுங்கள். எட்டில் ஒரு நொடிக்கு 30 சட்டகங்கள், முப்பதில் ஒன்றுக்கு 8, அறுபதில் ஒன்றுக்கு 4 வர வேண்டும். அதற்கு மேல் இந்த முறை பயன்படாது.

உச்ச வேகத்தைச் சோதிக்க வேறு வழி. வெண்ணிறச் சுவர் அல்லது வெளிச்சமான வானத்தை நோக்கிக் கேமராவைப் பிடித்து, பின்பக்கமாகப் பார்த்துக்கொண்டு ஆயிரத்தில் ஒன்றில் அடியுங்கள். கணநேரம் முழுச் சட்டகமும் ஒரே சீராக வெளுத்து மறைய வேண்டும். ஒரு ஓரம் கறுப்பாகவே நின்றால் ஷட்டரின் இரண்டாம் திரை முதல் திரையை எட்டிப்பிடிக்கிறது. எடுக்கும் படங்களிலும் அந்த ஓரம் இருண்டே வரும். மெதுவான வேகங்கள் சோம்பியிருப்பது பொதுவான குறை, சுத்தம் செய்து எண்ணெய் இட்டால் தீரும். உச்ச வேகத்தின் இந்தக் குறை அப்படியல்ல. விலை பாதியானாலும் யோசியுங்கள். வேகம் கொஞ்சம் முன்பின் இருந்தால் கவலை வேண்டாம். கலர் நெகட்டிவ் ஃபிலிம் கூடுதல் வெளிச்சத்தை ஓரிரு படிகள் வரை (ஒரு படி என்றால் வெளிச்சம் இரு மடங்கு) தாங்கிக்கொள்ளும், குறைந்த வெளிச்சத்தைத்தான் மன்னிக்காது.

பழைய கேமராவில் செல்ஃப் டைமரை மட்டும் சோதிக்காதீர்கள். பாதி வழியில் நின்று ஷட்டரையே பூட்டிவிடும் பழக்கம் அதற்கு உண்டு.

லென்ஸை உடலிலிருந்து கழற்றி, அபெர்ச்சரைத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்து முன்னால் பாருங்கள். தூசித் துகள்கள் எல்லா லென்ஸிலும் இருக்கும், படத்தில் தெரியாது. சிலந்தி நூல் போன்ற கிளைகள் தெரிந்தால் பூஞ்சை. ஓரத்தில் சிறு புள்ளியாக இருந்தால் பொறுக்கலாம். நடுவில் படர்ந்திருந்தால் லென்ஸின் மேற்பூச்சையே அரித்திருக்கும், துடைத்தாலும் தடம் போகாது. மூச்சு விட்டதுபோல மொத்தமும் மங்கியிருந்தால் படங்கள் வெளிறி வரும். பூஞ்சை பிடித்த லென்ஸை நல்ல லென்ஸோடு ஒரே பெட்டியில் வைக்க வேண்டாம்.

அபெர்ச்சர் வளையத்தைத் திருப்பி, பின்பக்கத்து நெம்புகோலைத் தட்டிவிட்டால் இதழ்கள் சட்டென்று மூட வேண்டும், சட்டென்று திறக்க வேண்டும். எண்ணெய்ப் பசையால் மெதுவாக நகர்ந்தால், படம் எடுக்கும் கணத்தில் அவை உரிய அளவுக்கு மூடாமல், வேண்டாத வெளிச்சத்தை விட்டுவிடும். ஃபோகஸ் வளையம் ஒரே சீராகச் சுழல வேண்டும். லென்ஸை மாட்டி, ஃபோகஸை முடிவிலிக் குறிக்கு (∞) கொண்டுபோய், தூரத்துக் கோபுரத்தையோ தண்ணீர்த் தொட்டியையோ பாருங்கள். வ்யூஃபைண்டரில் கூர்மையாகத் தெரியாவிட்டால் உள்ளிருக்கும் கண்ணாடி இடம் பெயர்ந்திருக்கலாம். வ்யூஃபைண்டரில் தெரியும் தூசியும் கீறலும் படத்தில் வராது.

மீட்டருக்குப் புதுச் செல் போட்டு, ஜன்னலைக் காட்டுங்கள், பிறகு தரையைக் காட்டுங்கள். முள்ளோ விளக்கோ உடனே மாற வேண்டும். கைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் லைட் மீட்டர் செயலி ஒன்றோடு ஒப்பிட்டு, ஒரு படிக்குள் வித்தியாசம் இருந்தால் சரி என்று விடுங்கள். மீட்டர் வேலை செய்யவே இல்லை, மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது என்றால் நான் வாங்கிவிடுவேன். நம் ஊர் வெயிலில் மீட்டர் இல்லாமலும் காலம் தள்ளலாம். உச்சி வெயிலில் அபெர்ச்சரை 16இல் வைத்து, ஷட்டர் வேகத்தை ஃபிலிமின் எண்ணுக்கு அருகில் வைத்தால் போதும். 200 ஃபிலிம் என்றால் இருநூற்றைம்பதில் ஒன்று. மேகம் மூடினால் 8, மர நிழல் என்றால் 4 அல்லது 5.6.

ஒரு பொறி இங்கே இருக்கிறது. 1970களின் முற்பகுதி வரை வந்த பல கேமராக்கள், ஒலிம்பஸ் ஓஎம்-1 உட்பட, 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. அந்தப் பேட்டரி இப்போது தயாராவதில்லை. 1.5 வோல்ட் செல் போட்டால் மீட்டர் தவறாகக் காட்டும். காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 செல் ஏறக்குறைய அதே மின்னழுத்தம் தரும், சில மாதம் உழைக்கும். இந்தத் தொல்லை வேண்டாம் என்றால் எல்ஆர்44 ஏற்கும் கேமராவாகப் பாருங்கள்.

கடைசியாகக் காலாவதி ரோலை மாட்டிச் சில படங்கள் அடித்துப் பாருங்கள். லீவரை இழுக்கும்போதெல்லாம் இடப்பக்க ரீவைண்ட் கைப்பிடியும் கூடவே சுழன்றால் ஃபிலிம் நகர்கிறது. பிறகு அடியில் உள்ள பொத்தானை அழுத்தி ரீவைண்ட் செய்து, கதவைத் திறந்து, எண்ணிக்கை தானே தொடக்கத்துக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். ரோலின் ஓரத் துளைகள் கிழிந்திருக்கக் கூடாது.

ஆட்டோஃபோகஸ் வகையில் இவ்வளவு செய்ய வேண்டியதில்லை. லென்ஸைக் கழற்றி, கண்ணாடியை விரலால் தொடாமல், பின்பக்கமிருந்து ஷட்டர் இதழ்களை மட்டும் பாருங்கள். 1980களின் இறுதியிலும் 90களின் தொடக்கத்திலும் வந்த இஓஎஸ்களில் உள்ளிருக்கும் நுரை உருகி, இதழ்களில் கறுப்புப் பிசினாகப் படிந்திருக்கும். அந்தக் கேமரா வேண்டாம். அந்தக் காலத்து நிக்கான்களில் பின்கதவின் ரப்பர் பூச்சு பிசுபிசுக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் போகும். மற்றபடி பேட்டரி போட்டு, ரோல் மாட்டி, அது ஓடினால் ஓடுகிறது.

நேரில் பார்க்க முடியாதபோது

விற்பவரிடம் மூன்றே மூன்று கேளுங்கள்: பின்கதவைத் திறந்து ஒரு நொடியிலும் அறுபதிலும் ஆயிரத்திலும் ஷட்டர் அடிக்கும் வீடியோ, லென்ஸின் பின்னாலிருந்து டார்ச் அடித்து எடுத்த படம், பேட்டரி அறையின் படம். இவற்றைத் தரத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம். "சோதிக்கவில்லை, அப்படியே விற்கிறேன்" என்று எழுதியிருந்தால், சோதித்துப் பார்த்து ஓடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். "ஃபிலிம் போட்டுச் சோதித்தது" என்று எழுதியவரிடம் அந்த ரோலின் ஸ்கேன்களைக் கேளுங்கள். உண்மையாகவே எடுத்திருந்தால் சந்தோஷமாகக் காட்டுவார். எத்தனை நாளுக்குள் திருப்பித் தரலாம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

விலை பேசும் முன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஊரிலோ அருகிலோ பழைய கேமரா சர்வீஸ் செய்யும் மெக்கானிக் யார் என்று விசாரித்து, அந்த மாடலைத் தொடுவாரா, எவ்வளவு ஆகும் என்று கேட்டுவிடுங்கள். கைதேர்ந்தவர்கள் சிலரே மிஞ்சியிருக்கிறார்கள். சர்வீஸ் கூலியையும் சேர்த்துப் பார்த்தால், முப்பது சதவீதம் விலை கூடுதலாகச் சொன்ன நல்ல கேமராவே மலிவு என்று பல நேரம் தெரியவரும்.

வீட்டுக்கு வந்த பிறகு

காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் சிலிகா ஜெல் பைகளோடு கேமராவை வையுங்கள். சிலிகா ஜெல் நிறம் மாறினால் சூடேற்றி உலர்த்தித் திரும்பப் போடலாம். அரிசி மூட்டையில் புதைக்கும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மாவுத்தூள்தான் உள்ளே போகும். தோலுறையைத் தனியாக எடுத்துவையுங்கள். வாரம் ஒரு முறையாவது எடுத்து எல்லா வேகங்களிலும் ஷட்டரை அடியுங்கள். நீண்ட நாள் பயன்படுத்தப் போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

முதல் ரோலில் கலை வேண்டாம். 24 படம் உள்ள, கிடைப்பதில் மலிவான ரோலைப் போட்டு, ஒவ்வொரு படத்துக்கும் வேகம், அபெர்ச்சர், தூரம் மூன்றையும் தாளில் குறித்துக்கொண்டே எடுங்கள். ஒரே காட்சியை, அபெர்ச்சரை ஈடுகட்டிக்கொண்டு, ஒவ்வொரு வேகத்திலும் ஒரு முறை. மிக அருகில் ஒன்று, மிகத் தொலைவில் ஒன்று. முழு அபெர்ச்சரில் ஒன்று. ஃபிளாஷ் இருந்தால் அதோடு ஒன்று: கே1000இல் அறுபதில் ஒன்றுக்கு மேலும், எஃப்எம்10, எஃப்எக்ஸ்-3இல் நூற்றிருபத்தைந்தில் ஒன்றுக்கு மேலும் போகாமல். நடுவில் ஒரு முறை கேமராவைச் சில நிமிடங்கள் வெயிலில் வைத்துத் திருப்பித் திருப்பிக் காட்டுங்கள். ஒளிக்கசிவு இருந்தால் அந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும்.

லேபில் கொடுக்கும்போதே "நெகட்டிவ் திரும்ப வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். ஸ்கேன் மட்டும் அனுப்பிவிட்டு நெகட்டிவைத் தூக்கிப் போடும் லேப்களும் இருக்கின்றன. கேமராவின் நோயை நெகட்டிவில்தான் படிக்க முடியும். படங்களுக்கு இடையே உள்ள இடைவெளி சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தால் சுற்றும் பற்சக்கரத்தில் கோளாறு. ஓரத்துத் துளைகள் வரை நீளும் கறுப்புக் கீற்று இருந்தால் கதவின் நுரையை மாற்ற வேண்டும். எல்லாப் படத்திலும் ஒரே ஓரம் வெறுமையாக இருந்தால் ஷட்டர் திரை. ரோல் முழுவதும் வெறுமையாக வந்தால் பதற வேண்டாம், ஓரத்தில் அச்சிட்டதுபோல எண்களும் ஃபிலிம் பெயரும் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் லேப் சரியாகத்தான் கழுவியிருக்கிறது. ஃபிலிம் சுருளில் பிடிக்காமல் போயிருக்கும் அல்லது ஷட்டர் திறக்கவே இல்லை. எண்களும் இல்லையென்றால் கழுவியதில் பிழை, லேபிடம் பேசுங்கள். கேமராவில்தான் குறை என்று உறுதியானால், அன்றைக்கே நெகட்டிவைப் படம்பிடித்து விற்றவருக்கு அனுப்பி, எழுத்தில் வாங்கிய கெடு முடியும் முன் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.